குலன்ஜ் முதல் குடல்வாய் வரை: அடைபட்ட பெருங்குடலின் அறுவை மருத்துவ வரலாறு

ஹிஜ்ரி 428, ரமளான் மாதம், கி.பி. 1037. ஹமதான் நகரில் அறிஞர் இப்னு சீனா காலமானார். அப்போது அவருக்கு அறுபது வயது நிறைந்திருக்கவில்லை. அவரது இறுதி நோயைப் பற்றி அவருடைய மாணவரும் பல்லாண்டுத் தோழருமான அபூ உபைத் அல்-ஜூஸ்ஜானீ எழுதிவைத்த குறிப்பு நமக்குக் கிடைக்கிறது. இஸ்ஃபஹானின் ஆட்சியாளர் அலாவுத் தவ்லாவுடன் போர்ப் பயணத்தில் இருந்தபோது இப்னு சீனாவைக் 'குலன்ஜ்' என்னும் கடும் குடல் நோவு பற்றியது. படையோடு செல்ல இயலாமல் பின்தங்கிவிடக் கூடாது என்ற அவசரத்தில் ஒரே நாளில் எட்டு முறை தமக்கே எனிமா கொடுத்துக்கொண்டார். குடலின் ஒரு பகுதி புண்ணாயிற்று. சிவரிக்கீரை விதையை உரிய அளவுக்கும் பன்மடங்கு மிகுத்துக் கலந்துவிட்டனர். நோய் தணிவதும் மீள்வதுமாக இருந்து, இறுதியில் அவர் மருந்தையே கைவிட்டார் என்கிறது அக்குறிப்பு.

குலன்ஜைப் பற்றித் தனி நூலே எழுதிய மேதை குலன்ஜினாலேயே மறைந்தார். அந்நோய் எதுவென்று இன்று உறுதியாகக் கூற எவராலும் இயலாது. புற்றுநோயாக இருந்திருக்கலாம் எனக் கருதிய பிற்கால எழுத்தாளர்களும் உள்ளனர். ஆயினும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட உடலுக்கு நோய்ப்பெயர் சூட்டுவது வரலாற்றாசிரியரின் வேலையன்று. நாம் இங்குக் கேட்க விரும்பும் கேள்வி வேறு. குடல் அடைபடும்போது மனிதன் எப்படி இறக்கிறான் என்பதை இத்துணை நுட்பமாக அறிந்திருந்த அக்காலத்து ஹகீம்கள் ஏன் கத்தியை எடுக்கவில்லை? பின்வந்தோர் எந்தத் துணிவில், எந்த அறிவின் பலத்தில் எடுத்தனர்? பெருங்குடல் புற்றினால் குடல் அடைபட்டு மருத்துவமனைக்கு வரும் ஒருவருக்கு இன்று உள்ள வழிகள் எவை?

ஹகீம்கள் அறிந்ததும் அறியாததும்

குலன்ஜ் என்ற அரபுச் சொல் 'கோலோன்' என்னும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. பெருங்குடலுக்குக் கிரேக்கர் இட்ட பெயர் அது. கி.பி. பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மறைந்த அபூ பக்ர் அர்-ராஸீ இந்நோய்க்கெனத் தனி நூல் எழுதினார். இப்னு சீனாவும் 'அல்-கானூன்' நூலில் விரிவாக எழுதியதோடு தனியாகவும் ஒரு ரிஸாலா இயற்றினார். இவ்விரு நூல்களும் அலெப்போவில் ஒப்பாய்வுடன் பதிப்பிக்கப்பட்டுள்ளன.

அல்-கானூனின் பகுப்பு இன்றைய மருத்துவரையும் வியக்கச் செய்யும். பெருங்குடலில் நேரும் அடைப்பு குலன்ஜ். சிறுகுடலில் நேர்ந்தால் 'ஈலாவுஸ்'. பின்னது கொடியது, மலமே வாந்தியாக வரும் நிலை அது. அடைப்புக்கான காரணங்களும் வகைப்படுத்தப்பட்டன: வாயு, சளி, உலர்ந்து இறுகிய மலம், குடல் முறுக்கிக்கொள்ளுதல், குடலிறக்கம், குடலில் எழும் வீக்கம். இந்த இறுதி வகையில், புற்றினால் நேர்ந்த அடைப்புகளும் அடங்கியிருக்கக் கூடும். குடலுக்குள்ளேயே ஒரு கட்டி வளர்ந்து வழியை மறிப்பதை நேரில் காண அவர்களுக்கு வாய்ப்பில்லை.

மருத்துவமோ எனிமா, மலமிளக்கி, ஒற்றடம், வெந்நீர்த் தொட்டி ஆகியவற்றோடு நின்றது. கி.பி. 1013 அளவில் மறைந்த குர்துபா அறுவை மேதை அபுல் காசிம் அஸ்-ஸஹ்ராவீயின் 'அத்-தஸ்ரீஃப்' நூலின் முப்பதாம் பகுதி, வயிறு கிழிந்து குடல் வெளிவந்தால் அதை உள்ளே செலுத்தித் தைக்கும் முறைகளைக் கூறுகிறது. குடற்காயத்தின் விளிம்புகளைப் பெரிய எறும்புகளின் தாடைகளால் கவ்வச் செய்து, தலையை மட்டும் விட்டு உடலைக் கிள்ளிவிடும் முறையும், விலங்கின் குடலிலிருந்து எடுத்த மெல்லிழையால் தைக்கும் முறையும் அதில் உள்ளன. எறும்பு முறை அதற்கும் நெடுங்காலம் முன்னரே இந்தியாவின் சுஸ்ருத சம்ஹிதையில் காணப்படுவதையும், அடைபட்ட குடலைக் கீறித் தடையை அகற்றுவதையும் அந்நூல் கூறுவதையும் நாம் மறந்துவிடலாகாது.

ஆயினும் புற்றுநோயைப் பற்றி அஸ்-ஸஹ்ராவீ எழுதியது எச்சரிக்கையே. தொடக்க நிலையில், முழுவதையும் வெட்டியெடுக்கத் தக்க இடத்தில் இருந்தால் மட்டுமே கத்தியைத் தொடலாம். முற்றிப் பெருத்த புற்றை நெருங்கவே கூடாது. அத்தகைய புற்றைத் தாம் குணப்படுத்தியதுமில்லை, குணப்படுத்திய ஒருவரைக் கண்டதுமில்லை என்று அவர் நேர்மையுடன் பதிவு செய்கிறார்.

முஸ்லிம்களே அனைத்தையும் முதலில் கண்டுபிடித்தனர் என்று நிறுவ முயலும் ஆர்வம் நம்மவரிடையே உண்டு. இப்பொருளில் அது உண்மைக்கு உதவாது. அடைபட்ட குடலுக்காக வயிற்றைத் திறந்த அறுவை வரலாறு நம் ஹகீம்களுடையதன்று. வலியை மறக்கடிக்கும் நம்பகமான மருந்தும், வயிற்றறையில் நஞ்சு பரவாமல் காக்கும் வழியும் இல்லாத காலத்தில் வயிற்றைத் திறப்பது பெரும்பாலும் கொலைக்கு நிகராகவே முடிந்திருக்கும். அவர்கள் கத்தியை எடுக்காதது அறியாமையால் அன்று. தம் ஆற்றலின் எல்லையை அறிந்திருந்ததால். நோயை வகைப்படுத்தியதும், எல்லையை ஒப்புக்கொண்டதும், அந்நூல்களைப் பிறருக்கு விட்டுச் சென்றதுமே அவர்களின் கொடை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொலேதோ நகரில் கிரெமோனாவின் ஜெரார்டு அல்-கானூனையும் அத்-தஸ்ரீஃபின் அறுவைப் பகுதியையும் இலத்தீனுக்குக் கொண்டுசென்றார். ஐரோப்பிய மருத்துவ மாணவர்கள் பல நூற்றாண்டுகள் அவற்றைப் பயின்றனர்.

முதல் திறப்பு

அடைபட்ட குடலுக்கு வேறொரு வாயிலைத் திறக்கலாம் என்ற எண்ணம் நவீன காலத்தில் ஒரு சிசுவின் சடலத்திலிருந்து பிறந்தது. மலக்குடல் உரிய முறையில் உருவாகாமல் பிறந்து ஆறு நாளில் இறந்த குழந்தையொன்றைப் பரிசோதித்த பிரெஞ்சு மருத்துவர் அலெக்ஸி லித்ரே, குடலை வயிற்றின் தோலோடு இணைத்து அங்கே ஒரு வாய் அமைத்திருந்தால் அக்குழந்தை பிழைத்திருக்கும் என்று 1710-இல் எழுதினார். அவர் அதைச் செய்து பார்க்கவில்லை. எண்ணத்தை மட்டும் விட்டுச் சென்றார்.

அறுபத்தாறு ஆண்டுகள் கழிந்து, 1776-இல், ரூவான் நகர மருத்துவர் பில்லோர் அதைச் செயலாக்கினார். மலக்குடல் புற்றினால் முற்றிலும் அடைபட்ட நிலையில் ஒரு மது வணிகர் அவரிடம் வந்தார். அக்கால வழக்கப்படி, எடையினால் அடைப்பைத் தள்ளிவிடும் என்ற நம்பிக்கையில் அவருக்கு இரண்டு பவுண்டு பாதரசம் குடிக்கக் கொடுத்திருந்தனர். அது வெளியே வரவில்லை. வேறு வழியில்லை என்ற நிலையில் பில்லோர் பெருங்குடலின் தொடக்கப் பையான சீக்கத்தைத் திறந்து வயிற்றுத் தோலோடு தைத்தார். கலந்தாலோசித்த மற்ற மருத்துவர்கள் தயங்கினர், நோயாளியே வற்புறுத்தினார். புதிய வாய் வேலை செய்தது, வயிறு தணிந்தது. எனினும் இருபத்தெட்டாம் நாள் அவர் இறந்தார். சடலத்தைப் பரிசோதித்தபோது சிறுகுடலின் ஒரு சுருளைப் பாதரசத்தின் பாரம் அழுகச் செய்திருந்தது தெரிந்தது. அவரைக் கொன்றது அறுவையன்று; அதற்கு முன் கொடுத்த மருந்தே.

1793-இல் பிரெஸ்ட் துறைமுக நகரில் தியூரே என்னும் அறுவை மருத்துவர், மலவாயின்றிப் பிறந்த குழந்தைக்கு இடப்பக்கத்தில் குடல்வாய் அமைத்தார். முதலில் இறந்த சிசுவொன்றின் உடலில் செய்து பார்த்த பின்னரே உயிருள்ள குழந்தையின் மீது கைவைத்தார். அக்குழந்தை வளர்ந்து நாற்பத்தைந்து வயது வரை வாழ்ந்தது. 1797-இல் ஜெனீவாவில் ஃபீன் என்பவர் புற்றினால் குடல் அடைபட்ட மூதாட்டிக்குக் குறுக்குப் பெருங்குடலைத் திறந்துவிட்டார். அந்த அம்மையார் ஏறத்தாழ மூன்றரை மாதம் உயிர் வாழ்ந்தார்.

1838-இல் பிரான்சின் புகழ்மிக்க மருத்துவர் புரூசே மலக்குடல் புற்றினால் இறந்தார். அவரது துன்பத்தை அருகிருந்து கண்ட அமுஸ்ஸா, அதுவரை குடல்வாய் அமைக்கப்பட்டவர்களின் விவரங்களைத் திரட்டினார். 29 பேரில் 9 பேரே பிழைத்திருந்தனர். மற்றவர்களுள் பெரும்பாலோர் வயிற்றறை அழற்சியால் மாண்டிருந்தனர். எனவே வயிற்றறையைத் திறவாமல் முதுகுப்புற இடுப்பின் வழியே பெருங்குடலை அணுகும் முறையை அவர் 1839-இல் கையாண்டார். கிருமிகளைப் பற்றி எதுவும் அறியாத காலத்தில், எண்ணிக்கையை மட்டும் வைத்துச் சிந்தித்து ஆபத்தின் இருப்பிடத்தைச் சரியாகக் கண்டறிந்தார் என்பதே அவர் பெருமை.

கட்டியை அகற்றும் துணிவு

குடல்வாய் அடைப்பைத் தீர்க்கும், புற்றை அகற்றாது. லியோன் நகரின் ரெய்பார் 1833-இலேயே சிக்மாய்டு குடலின் புற்றை வெட்டியெடுத்து இரு முனைகளையும் இணைத்துத் தைத்தார். நோயாளி அறுவையிலிருந்து மீண்டார். ஆனால் சில மாதங்களில் புற்று மீண்டும் தலைதூக்கியது. அதற்கு முன் 1826-இல் லெம்பேர் ஒரு நுட்பத்தைத் தெளிவுபடுத்தியிருந்தார். குடலின் உட்படலங்களைச் சேர்த்தால் இணைப்பு ஒட்டாது. வெளிப்படலம் வெளிப்படலத்தோடு பொருந்துமாறு தைத்தால் ஒட்டும். இன்றைய குடல் தையல்களுக்கெல்லாம் அடிப்படை இதுவே.

1846-இல் ஈதர் மயக்கமும், 1867-இல் லிஸ்டரின் கிருமித் தடுப்பு முறையும் வந்த பிறகே வயிற்றறை மருத்துவர்க்குத் திறந்தது. அப்போதும் அடைபட்ட பெருங்குடல் தனிச் சிக்கலாகவே நின்றது. அடைப்புக்கு மேலுள்ள குடல் மலத்தால் உப்பி, சுவர் மெலிந்து, இரத்த ஓட்டம் குன்றியிருக்கும். அதை வெட்டி உடனே இணைத்தால் தையல் பிரிந்து மலம் வயிற்றறையில் கசிந்துவிடும். அஃது ஏறத்தாழ மரணமே.

இதற்குக் கோபன்ஹேகனின் பிளாக் 1892-இலும், லிவர்பூலின் பால் 1895-இலும், பிரெஸ்லாவின் மிக்குலிட்ஸ் அதனையொட்டியும் ஒரு வழி கண்டனர். புற்றுள்ள குடற்சுருளை வயிற்றுக்கு வெளியே இழுத்துவைத்து, உள்ளே எதையும் திறவாமல் வெளியிலேயே வெட்டுவது. இரு முனைகளையும் துப்பாக்கியின் இரட்டைக் குழல்போல் தோலில் விட்டுவைத்துப் பின்னர் மூடுவது. மரணம் வெகுவாகக் குறைந்தது. ஆனால் புற்றைச் சூழ்ந்த நிணநீர்க் கணுக்களை இம்முறையில் உரிய அளவு அகற்ற முடியவில்லை. வயிற்றுச் சுவரிலேயே புற்று மீண்டும் வளர்வதும் உண்டு.

மற்றொரு வழி, 1903-இல் ஷ்லோஃபர் வகுத்த மூன்று கட்ட அறுவை. முதலில் குடல்வாய் மட்டும். சில வாரங்களில் உடல் தேறியபின் புற்றை அகற்றி இணைத்தல். இறுதியாகக் குடல்வாயை மூடுதல். ஒவ்வொரு கட்டமும் பாதுகாப்பானதாக இருந்தது. ஆனால் மூன்று முறை மயக்கம், பல மாத மருத்துவமனை வாசம், முதல் கட்டத்தோடு நின்றுவிடும் முதியோர் எனப் பாதுகாப்புக்கான விலை உயர்ந்திருந்தது.

1921-இல் பாரீஸின் ஆன்ரி ஹார்ட்மன் தம் பெயரால் இன்றளவும் வழங்கும் முறையை வெளியிட்டார். புற்றுள்ள பகுதியை முதல் அறுவையிலேயே அகற்றிவிடுவது. கீழ்முனையைத் தைத்து உள்ளேயே விட்டு, மேல்முனையைக் குடல்வாயாக வயிற்றில் அமைப்பது. இணைப்பு இல்லை, ஆகவே இணைப்பு பிரியும் ஆபத்தும் இல்லை. குடலை மீண்டும் இணைப்பதை ஹார்ட்மன் தம் நோக்கமாகக் கொள்ளவில்லை. பின்வந்தோர் இணைக்கத் தொடங்கினர். ஆனால் இன்றும் இம்முறைக்கு உட்படுவோருள் கணிசமானோருக்கு, குறிப்பாக முதியோருக்கு, அந்த இரண்டாம் அறுவை நடைபெறுவதேயில்லை. தற்காலிகம் என்று சொல்லி அமைத்த வாய் பலருக்கு நிரந்தரமாகிவிடுகிறது. இதை நோயாளியிடம் முன்கூட்டியே கூறுவது மருத்துவரின் அமானிதப் பொறுப்பு என்றே நாம் கருதுகிறோம்.

கத்திக்கு வெளியே நிகழ்ந்த முன்னேற்றங்களும் குறைந்தவையல்ல. 1930-களில் மின்னசோட்டாவின் வாங்கன்ஸ்டீன், மூக்கு வழியே வயிற்றுக்குள் குழாய் செலுத்தித் தேங்கிய நீரையும் காற்றையும் உறிஞ்சும் முறையைப் பரவச் செய்தார். நாளத்தின் வழியே நீரும் உப்பும் ஏற்றுதல், இரத்தம் ஏற்றுதல், நுண்ணுயிர்க்கொல்லிகள் ஆகியவை அடுத்தடுத்து வந்தன. அறுவை மேசைக்கு வருமுன் நோயாளியைத் தேற்றுவதே பாதி வெற்றி என்பதை மருத்துவ உலகம் கற்றுக்கொண்டது.

இன்றைய வழிகள்

சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் 2022 கணக்கின்படி அவ்வாண்டில் உலகில் 19 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்குப் பெருங்குடல், மலக்குடல் புற்று புதிதாகக் கண்டறியப்பட்டது. 9 இலட்சம் பேர் இறந்தனர். இவர்களுள் ஒரு பகுதியினர் முதன்முதலில் மருத்துவரிடம் வருவதே குடல் அடைபட்ட நிலையில்தான். மலமும் வாயுவும் வெளியேறாமை, வயிற்றுப் பொருமல், விட்டுவிட்டு வரும் நோவு, பின்னர் வாந்தி ஆகியவை அதன் அறிகுறிகள். சிறுகுடலும் பெருங்குடலும் கூடுமிடத்தில் உள்ள தடுக்கிதழ் இறுக மூடிக்கொண்டால், பெருங்குடல் இருபுறமும் கட்டிய பைபோல் உப்பும். உப்பிய குழாயில் எப்பகுதி அகலமோ அங்கேதான் சுவரின் இழுவிசையும் மிகும். ஆகவே அடைப்பு இடக்கோடியில் இருந்தாலும் வலக்கோடியிலுள்ள சீக்கமே முதலில் கிழியும் ஆபத்தில் இருக்கிறது. அதன் விட்டம் 12 சென்டிமீட்டரை எட்டினால் மருத்துவர் காலந்தாழ்த்த மாட்டார்.

குடல் கிழியாதிருக்கும்போது எடுக்கும் முடிவு, கட்டியின் இடத்தையும் நோயாளியின் உடல்நிலையையும் பொறுத்தது.

வலப்பக்கப் பெருங்குடலில் அடைப்பு எனில், அப்பகுதியை முழுவதும் அகற்றிச் சிறுகுடலின் முனையைக் குறுக்குப் பெருங்குடலோடு உடனே இணைப்பதே பெரும்பாலும் ஏற்ற வழி. சிறுகுடலின் இரத்த ஓட்டம் செழிப்பானது. இணைப்பு எளிதில் ஒட்டும். உடல் மிகத் தளர்ந்தவருக்கு மட்டும் இணைப்பைத் தவிர்த்துக் குடல்வாய் அமைப்பர்.

இடப்பக்கத்தில் அடைப்பு எனில் வழிகள் பல. ஹார்ட்மன் முறை ஒன்று. மற்றொன்று, புற்றை அகற்றி அதே அறுவையில் முனைகளை இணைப்பது. 1980-இல் டட்லியும் அவர் தோழர்களும் அறுவை மேசையிலேயே குடலுக்குள் நீர் செலுத்தித் தேங்கிய மலத்தைக் கழுவி வெளியேற்றிய பின் இணைக்கும் முறையை விவரித்தனர். மூன்றாவது, உப்பிய பெருங்குடல் அனைத்தையுமோ பெரும்பகுதியையோ அகற்றிவிட்டுச் சிறுகுடலை மலக்குடலோடு இணைப்பது. இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பிரிட்டனில் 91 நோயாளிகளைக் கொண்டு நடந்த 'ஸ்கோஷியா' ஆய்வின் முடிவு 1995-இல் வெளியாயிற்று. பெரும்பகுதியை அகற்றியவர்கள் பின்னாளில் நாளொன்றுக்குப் பல முறை மலங்கழிக்க நேர்ந்ததால், புற்றுள்ள பகுதியை மட்டும் அகற்றுவதே பொதுவாக விரும்பத்தக்கது என்பது தெரிந்தது. ஆயினும் சீக்கம் கிழிந்திருந்தாலோ குடலின் வேறோரிடத்தில் இரண்டாவது புற்று இருந்தாலோ முழு அகற்றலே பொருத்தம்.

மலக்குடலின் நடுவிலோ அடியிலோ புற்று அடைத்திருந்தால், அவசர நிலையில் அதைத் தொடாமல் மேலே ஒரு குடல்வாய் மட்டும் அமைப்பர். அடைப்பு நீங்கிய பின் கதிரியக்கமும் மருந்தும் கொடுத்துப் புற்றைச் சுருக்கி, நிதானமாகத் திட்டமிட்டு அகற்றுவர். இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் பில்லோர் திறந்த அதே வழி இங்கே இடைக்காலப் பாலமாக நிற்கிறது.

மற்றொரு பாலம் ஸ்டென்ட். தானே விரியும் உலோக வலைக்குழாயை மலவாய் வழியே உள்நோக்கிக் கருவியால் செலுத்தி அடைப்பைத் திறக்கும் இம்முறை 1990-களின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. இனி அகற்ற இயலாதவாறு பரவிவிட்ட புற்றில், எஞ்சிய நாட்களை அறுவையின்றிக் கழிக்க இது பெரிதும் உதவுகிறது. அறுவைக்கு முன்னோடியாக இதை வைக்கலாமா என்பதில்தான் கருத்து மாறி மாறி வந்தது. நெதர்லாந்தின் 25 மருத்துவமனைகளில் 98 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வு, உறுதியான நன்மை தெரியாமல் இடையில் நிறுத்தப்பட்டு 2011-இல் வெளியாயிற்று. ஸ்டென்ட் குடலைத் துளைத்தால் புற்றணுக்கள் பரவும் என்ற அச்சமும் எழுந்தது. ஐரோப்பிய இரைப்பைக்குடல் உள்நோக்கியியல் கழகம் 2014-இல் இதை வழக்கமான பாலமாகப் பரிந்துரைக்க மறுத்தது. 2020-இல் நோயாளியோடு கலந்து முடிவெடுக்கத்தக்க ஒரு வழியாக ஏற்றது. 2022-இல் வெளியான பிரிட்டனின் 'கிரெஸ்ட்' ஆய்வில், ஸ்டென்ட் பெற்றவர்களுள் குடல்வாய் தேவைப்பட்டோர் குறைவு. அறுவையை அடுத்த நாட்களின் இறப்பில் வேறுபாடில்லை. பழகிய கை இருக்குமிடத்தில், ஏற்ற நோயாளிக்கு நல்ல வழி என்பதே இன்று பெறும் முடிவு.

குடல் கிழிந்திருந்தாலோ நோயாளி அதிர்ச்சி நிலையில் இருந்தாலோ, உயிரைக் காப்பதே முதல் நோக்கம், புற்று இரண்டாவது. அத்தகைய நேரங்களில் நீண்ட அறுவையைத் தவிர்த்துக் குறுகிய வழியைத் தேர்வது கோழைத்தனமன்று. எல்லையறிந்த அஸ்-ஸஹ்ராவீயின் எச்சரிக்கை இங்கே புதிய வடிவில் வாழ்கிறது.

திறந்த வாயிலும் தொழுகை வரிசையும்

மேலே கண்ட வழிகளுள் பலவற்றில் வயிற்றின் மீது ஒரு குடல்வாய் அமைகிறது. உயிர் பிழைத்தவர் அதனோடு வாழ வேண்டும். இங்கேதான் வரலாறு நம் சமுதாயத்தின் வாழ்வைத் தொடுகிறது.

2002-இல் அங்காராவிலிருந்து வெளியான ஓர் ஆய்வு, மலக்குடல் புற்றுக்கு அறுவை செய்துகொண்ட முஸ்லிம்களின் வாழ்வை ஆராய்ந்தது. மலவாய் அகற்றப்பட்டு நிரந்தரக் குடல்வாயோடு வாழ்ந்தோருள் பலர் அன்றாடத் தொழுகையையும் ரமளான் நோன்பையும் விட்டிருந்தனர் என்பது அதன் துயரமான முடிவு. தாங்கள் தூய்மையற்றவர்களாகிவிட்டோம் என்ற எண்ணம் மனிதரைப் பள்ளிவாசலிலிருந்து விலக்கிவிடுகிறது. இவ்வச்சத்தினாலேயே அறுவைக்கு உடன்படத் தயங்குவோரும் உண்டு.

நம் ஃபிக்ஹு நூல்களைப் புரட்டினால் வியப்பொன்று காத்திருக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபின் ஆதார நூல்களுள் ஒன்றாகிய 'மின்ஹாஜுத் தாலிபீன்', ஹிஜ்ரி 676-இல் (கி.பி. 1277) மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், இமாம் ராஃபிஈ (ரஹ்) அவர்களின் 'முஹர்ரர்' நூலைச் சுருக்கி இயற்றியது. தமிழகக் கடற்கரை ஊர்களின் ஷாஃபிஈ மரபினருக்கு இந்நூலை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உளூவை முறிப்பவற்றைப் பேசுமிடத்தில் இமாமவர்கள் ஒரு நிலையை எடுத்துக்கொள்கிறார்கள்: ஒருவருக்கு இயல்பான வெளியேறும் வழி அடைபட்டு, இரைப்பைக்குக் கீழே வேறொரு திறப்பு உண்டாகி, வழக்கமான கழிவு அதன் வழியே வெளியேறினால் சட்டம் என்ன? உளூ முறியும் என்பது விடை. திறப்பு இரைப்பைக்கு மேலே இருந்தால் என்ன, இயல்பான வழி அடைபடாமல் கீழே வேறொன்று திறந்திருந்தால் என்ன என்று கிளைக் கேள்விகளும் அங்கேயே ஆராயப்படுகின்றன.

லித்ரே தம் எண்ணத்தை எழுதுவதற்கு நானூறு ஆண்டுகளுக்கும் முன்னரே, ஃபுகஹாக்கள் அத்தகைய உடலைத் தம் சிந்தனைக்குள் கொண்டுவந்துவிட்டனர். இதை அறுவை மருத்துவத்தின் முன்னறிவிப்பு என்று நாம் பெருமை பேசப் போவதில்லை. அது சட்டச் சிந்தனையின் முழுமை நாட்டம். ஆனால் அந்தச் சட்டத்தின் உட்பொருளைக் கவனிக்க வேண்டும். உளூ முறியும் என்று சொல்வது, அவர் உளூச் செய்து தொழும் கடமையுடையவர் என்பதை ஏற்றுக்கொண்ட பிறகே. வேறு வாயில் திறந்த மனிதர் தொழுகையின் வட்டத்துக்கு வெளியே தள்ளப்படவில்லை. அவருக்கான சட்டத்தோடு உள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறார்.

கழிவு தன் கட்டுப்பாடின்றித் தொடர்ந்து வெளியேறும் நிலைக்கு 'மஃதூர்' என்ற விதிவிலக்கு உண்டு. தொடர் உதிரப்போக்குடைய பெண்ணுக்கும் சிறுநீர் நில்லாதவருக்கும் வகுத்த சட்டத்தின் வழியில் இவருக்கும் சலுகை அமைகிறது. ஷாஃபிஈ மத்ஹபில் நேரம் வந்தபின் ஒவ்வொரு ஃபர்ளுக்கும் தனி உளூ. ஹனஃபீ மத்ஹபில் ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் ஓர் உளூ. குடல்வாயின் வகைக்கும் கழிவின் இயல்புக்கும் ஏற்ப நுட்பங்கள் வேறுபடும். இடப்பக்கக் குடல்வாயில் கழிவு கட்டியாக, சில வேளைகளில் மட்டும் வரும்; சிறுகுடல் வாயில் நீராக இடைவிடாது வரும். ஆகவே ஒவ்வொருவரும் தம் நிலையை விளக்கி நம்பத்தக்க ஆலிமிடம் கேட்டறிவதே முறை. கேட்காமலேயே தம்மைத் தாமே விலக்கிக்கொள்வதுதான் தவறு.

கருவிகளின் வரலாறும் இங்கே நினைக்கத்தக்கது. பில்லோரின் காலத்தில் பையென்று எதுவுமில்லை. 1954-இல் டென்மார்க்கின் செவிலியர் எலிசே சோரன்சன், குடல்வாய் அமைந்த தம் சகோதரி வெளியே செல்லவே அஞ்சியதைக் கண்டு, தோலில் ஒட்டிக்கொள்ளும், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பையை எண்ணி உருவாக்கினார். 1961-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் அறுவை மருத்துவர் டர்ன்புல், தாமும் குடல்வாயோடு வாழ்ந்த நோர்மா கில் என்னும் பெண்மணியைக் கொண்டு, இத்தகையோருக்கு வழிகாட்டும் தனிப் பயிற்சித் துறையைத் தொடங்கினார். மருத்துவர் உயிரை மீட்டார். சமூகத்துக்குள் மீள்வதற்கு ஒரு செவிலியரின் பரிவும் ஒரு நோயாளியின் அனுபவமும் தேவைப்பட்டன.

நடைமுறைக் குறிப்பொன்றும் சொல்ல வேண்டும். குடல்வாய் அமையும் இடத்தை அறுவைக்கு முன்னரே வயிற்றில் குறியிட்டுக்கொள்வது நல்ல மருத்துவத்தின் இலக்கணம். நிற்கும்போதும் அமரும்போதும் குறித்துப் பார்ப்பது வழக்கம். தொழுகையாளி எனில் ருகூவிலும் ஸுஜூதிலும் வயிறு மடியும் இடத்தையும், கைலியோ சேலையோ இறுகும் இடத்தையும் தவிர்த்துக் குறியிடுமாறு மருத்துவரிடம் கேட்கலாம். அவசர அறுவையில் இதற்குச் சில நிமிடங்களே போதும். பின்னர் வரும் ஆண்டுகள் முழுவதையும் அச்சில நிமிடங்கள் காக்கும்.

இப்னு சீனாவின் காலத்தில் அடைபட்ட வழிக்கு மாற்று வழி இல்லை. இன்று உண்டு. அந்த வழியைத் திறப்பதற்கு நூற்றாண்டுகள் ஆயின. எத்தனையோ உயிர்கள் விலையாயின. அப்படித் திறந்த வாயிலை வெட்கத்தின் காரணமாக மறுப்பது, கிடைத்த ஆயுளையே மறுப்பதாகும். பள்ளிவாசலின் ஸஃப்பில் நம் தோளோடு தோள் நிற்பவரின் சட்டைக்குள் ஒரு பை இருக்கலாம். அதை அவர் நம்மிடம் சொல்ல வேண்டியதில்லை. அவர் அங்கே நிற்கத் தயங்காத சூழலை உண்டாக்குவது நம் கடமை.